தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்க்காட்சியும் சிறுபான்மையினர் பற்றிய சமூக விமரிசனமும்

நூலின் முகப்பில் பாயிரம் அமைவது தமிழ் இலக்கண மரபு. நூல் எதைச் சொல்லப் போகிறது, யாருக்குச் சொல்கிறது, எவ்வழியில் சொல்கிறது என்பவற்றைப் பாயிரம் முன்கூட்டி உணர்த்தும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ழெனெத் 1987இல் வெளியிட்ட நூலில் தலைப்பு, முன்னுரை, அட்டைக் குறிப்பு முதலியவற்றைப் பனுவலின் வாயிற்படிகளாகக் கொண்டு ஆராய்ந்தார். வாயிற்படி வீட்டின் உள்ளும் அன்று, புறமும் அன்று. ஆயினும் அதனைக் கடவாமல் எவரும் உள்ளே செல்வதில்லை. தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் நடிகர், எழுத்தாளர், இயக்குநர் ஆகியோரின் பெயர்களுடன் ஓடும் காட்சித்தொகுதியும் இத்தகைய வாயிற்படியே. பேச்சு வழக்கில் இதனை 'டைட்டில்' என்கிறோம். இக்கட்டுரையில் 'பெயர்க்காட்சி' என்ற சொல் ஆளப்படுகிறது.

பெயர்க்காட்சியை மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மொழிமாற்றம் செய்யப்படும் தொடர்களில் உரையாடல் முழுதும் தமிழாகும். பெயர்க்காட்சி மட்டும் மூலத்தில் இருந்தவாறே ஓடும். அதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். ஒரு சமூகத்தின் சிறுபான்மையினரைப் பற்றிய கருத்து உரையாடலில் வருவதற்கு முன்பே பெயர்க்காட்சியில் வந்துவிடுகிறது என்பதையும், அக்கருத்து சில வேளைகளில் ஒரே ஓர் ஒலியனின் மேல் நிற்கிறது என்பதையும் அமெரிக்கத் தொடர்கள் சிலவற்றைக் கொண்டு இங்கு விளக்கலாம்.

இரு அடுக்குமாடிகள்

1970களின் நடுப்பகுதியில் சிபிஎஸ் நிறுவனம் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய இரண்டு நகைச்சுவைத் தொடர்களை ஒளிபரப்பியது. 1974இல் தொடங்கிய 'குட் டைம்ஸ்' சிகாகோ நகரின் அரசுக் குடியிருப்பொன்றில் வாழும் ஏழைக் குடும்பத்தின் கதை. அதன் பெயர்க்காட்சியில் காப்ரினி கிரீன் என்னும் உண்மையான குடியிருப்பின் உயர்ந்த கட்டடங்கள் காட்டப்பட்டன. 1975இல் தொடங்கிப் பதினோரு பருவங்கள் ஓடிய 'த ஜெஃபர்சன்ஸ்', சலவைக்கடைத் தொழிலில் செல்வம் ஈட்டிய கறுப்பினத் தம்பதியரின் கதை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலிருந்து வீட்டுச் சாமான்களுடன் புறப்பட்டு, மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் வானளாவும் அடுக்குமாடி ஒன்றின் முன் அவர்கள் வந்து இறங்குவதே அதன் பெயர்க்காட்சி.

இரண்டிலும் உயர்ந்த கட்டடமே மையக் குறி. ஒன்றில் அது வறுமை ஒதுக்கிவைக்கப்பட்ட இடம். மற்றொன்றில் முன்னேற்றத்தின் உச்சி. குறிப்பான் ஒன்றாயிருக்கக் குறிப்பீடு நேர்மாறாகிறது. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது கட்டடத்தின் உயரம் அன்று. அங்கு வந்து சேரும் வழியே. 'குட் டைம்ஸில்' கட்டடம் நிலையாக நிற்கிறது. 'ஜெஃபர்சன்ஸில்' குடும்பம் அதை நோக்கிப் பயணம் செய்கிறது. பயணம் என்னும் வினை சேர்ந்தவுடன் பெயர்ச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது என்று இலக்கண நடையில் கூறலாம்.

'ஜெஃபர்சன்ஸ்' பாடல் கறுப்பினத் திருச்சபைகளின் பாடல் முறையில், குழுவினர் எதிர்க்குரல் கொடுக்க அமைந்தது. மேலுலகம் ஏறுதல் என்ற சமயக் கருத்து அங்கே மேல்மாடி ஏறுதலாக உலகியற்படுகிறது. பழைய சமையலறையில் என்ன வெந்தது என்பதையும் பாடல் நினைவூட்டுகிறது. ஏறியவர்கள் எதை விட்டு ஏறினார்கள் என்று சொல்லாவிடில் ஏற்றம் புலப்படாது அல்லவா! பாடலை இயற்றியவர்களுள் ஒருவரும் அதைப் பாடியவருமான ஜானே துபாய், 'குட் டைம்ஸில்' அண்டை வீட்டுப் பெண்ணாக நடித்தவர். கீழே உள்ள கட்டடத்தில் வாழ்ந்த குரலே மேலே ஏறியவர்களை வாழ்த்துகிறது. அக்காலத்தில் இரு தொடர்களையும் பார்த்தவர்க்கு இத்தொடர்பு தானே விளங்கியிருக்கும். காப்ரினி கிரீனின் உயர்ந்த கட்டடங்கள் 2011இல் முற்றிலும் இடிக்கப்பட்டுவிட்டமையால், இன்றைய பார்வையாளர்க்கு முதல் தொடரின் குறிக்கு அடிக்குறிப்பு தேவைப்படும்.

தமிழில் இரண்டையும் 'அடுக்குமாடி' என்று பெயர்த்தால் வேறுபாடு மறையும். நம் நகரங்களில் குடிசை மாற்று வாரியம் கட்டித் தந்தவை 'வாரிய வீடுகள்' எனவும், விலை கொடுத்து வாங்குபவை 'ஃபிளாட்' எனவும் வழங்குகின்றன. வாரியத்தின் பெயர் 2021இல் மாற்றப்பட்ட பிறகும் மக்கள் வழக்கு மாறவில்லை. அகராதி தராத இந்த வேறுபாட்டை மக்கள் வழக்கு தருகிறது.

பெயரும் முகமும்

'ஜெஃபர்சன்ஸ்' காலத்துப் பெயர்க்காட்சிகளில் நடிகரின் முகம் தோன்றும். அதன்மேல் அவர் பெயர் எழுதப்படும். முகம் எழுவாய், பெயர் பயனிலை. 'இவர் இன்னார்' என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரே அது. 2013 முதல் 2019 வரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' இத்தொடரியலை வேண்டுமென்றே உடைத்தது. பெண்கள் சிறையைப் பற்றிய அத்தொடரின் பெயர்க்காட்சியில் நடிகையர் எவரும் இல்லை. சிறையிலிருந்து மீண்ட உண்மையான பெண்களின் கண்களும் உதடுகளும் திரையை நிறைக்கின்றன; தோல் நிறம், தழும்பு, சுருக்கம் எல்லாம் தெரியும் அளவுக்கு நெருக்கமாக. ஆனால் திரையில் வரும் பெயர்கள் அம்முகங்களுக்கு உரியவை அல்ல. பெயருடையோர்க்கு முகம் இல்லை, முகமுடையோர்க்குப் பெயர் இல்லை. கதையின் தலைவி நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண். பெயர்க்காட்சியோ அவளைத் தனித்துக் காட்டாமல் பலருள் ஒருத்தியாக்கிவிடுகிறது. கதைக்குள் நுழைவதற்கு முன்பே 'இது இவளுடைய கதை மட்டும் அன்று' என்ற விமரிசனம் ஒரு சொல்லும் இன்றிக் கூறப்படுகிறது.

'ட்ரூ பிளட்': சொல்லாமற் சொல்லுதல்

நம் ஆய்வுக்கு மிகுந்த பொருள் தருவது எச்பிஓ நிறுவனத்தின் 'ட்ரூ பிளட்'. சார்லீன் ஹாரிசின் நாவல் வரிசையைத் தழுவி ஆலன் பால் உருவாக்கிய இத்தொடர் 2008 செப்டம்பரில் தொடங்கி 2014 ஆகஸ்டில் நிறைவுற்றது. ஏழு பருவங்கள், 80 பகுதிகள். லூசியானா மாநிலத்துக் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் கதை நிகழ்கிறது. செயற்கைக் குருதி கண்டுபிடிக்கப்பட்டமையால், மனிதரைக் கொல்லாமல் வாழ முடியும் என்ற நிலையில் இரத்தக்காட்டேரிகள் தம் இருப்பை உலகிற்கு அறிவித்துக் குடியுரிமை கோருகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் ஆளப்படும் தொடரின் பொருள் 'சவப்பெட்டியிலிருந்து வெளியே வருதல்' என்பது. தன்பாலீர்ப்புடையோர் தம் இயல்பை வெளிப்படுத்துவதை 'அலமாரியிலிருந்து வெளியே வருதல்' என்பது ஆங்கில மரபு. க்ளாசெட், காஃபின் என்னும் இரு சொற்களும் ஒரே மெய்யில் தொடங்குவதால், மோனையின் துணைகொண்டு ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறது.

பெயர்க்காட்சியைச் சியாட்டில் நகரின் டிஜிட்டல் கிச்சன் நிறுவனம் ஆக்கியது. அதன் குழுவினர் லூசியானாவுக்கே சென்று பல காட்சிகளைப் படம்பிடித்தனர். பெயர்களின் எழுத்துருக்கள் தென்மாநிலச் சாலையோரப் பலகைகளைப் பின்பற்றிக் கையால் வரையப்பட்டவை. ஏறத்தாழ ஒன்றரை நிமிடக் காலத்தில் சதுப்பு நிலம், பாழடைந்த வீடு, மதுக்கூடத்து ஆட்டம், ஆலயத்தில் ஆவி வந்து ஆடுவோர், அழுகும் விலங்குடல், பூச்சியுண்ணும் செடியின் வாயில் அகப்படும் தவளை, பழச்சாறு வழியும் சிறுவர் வாய், கு கிளக்ஸ் கிளான் அங்கி தரித்த ஒரு சிறுவன், 1960களின் குடியுரிமைப் போராட்டத்துக் கறுப்பு வெள்ளைக் காட்சிகள், இரவில் நீரில் நடக்கும் திருமுழுக்கு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன.

இரத்தக்காட்டேரி ஒன்று கூட இதில் இல்லை என்பதே முதலில் நோக்கத்தக்கது. காட்சிகள் யாவும் மறைவிலிருந்து பார்க்கும் ஒரு கொன்றுண்ணியின் கண்வழியே அமைந்தவை. பார்க்கப்படுவோர் மனிதர்; அவர்களே விலங்குபோல் தோன்றுகின்றனர். தவளையை விழுங்கும் செடியும் சிவந்த வாயுடைய சிறுவரும் அருகருகே வைக்கப்படும்போது உவமேயம் இன்னதென்று சொல்லப்படுவதில்லை. கருப்பொருளைக் கூறி அதன்வழி வேறொன்றை உணரவைக்கும் இம்முறையைத் தமிழ் இலக்கணம் உள்ளுறை உவமம் என்னும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் உள்ளுறைக்குக் கருப்பொருள்களுள் தெய்வத்தை விலக்கினார். இங்கோ உள்ளுறையின் நடுவில் தெய்வத்தின் பெயரே வெளிப்படையாக எழுதி நிறுத்தப்பட்டுள்ளது.

எழுத்துகள் பொருத்திய ஓர் அறிவிப்புப் பலகை ஓரிரு நொடிகள் திரையில் நிற்கும். அதிலுள்ள சொற்கள் 'காட் ஹேட்ஸ் ஃபேங்ஸ்'. நேர்ப்பொருள், 'கோரைப்பற்களைத் தேவன் வெறுக்கிறார்'. கான்சாஸ் மாநிலம் டொபீகாவைச் சார்ந்த வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் திருச்சபையினர் 1990களிலிருந்து தெருக்களில் ஏந்திவரும் பலகையின் வாசகத்தை இது ஒட்டியது. 1998இல் கொலையுண்ட இளைஞர் மாத்யூ ஷெப்பர்டின் இறுதிச் சடங்கின்போது அப்பலகையுடன் அவர்கள் நின்றது உலகறிந்த செய்தி. போர்வீரர்களின் இறுதிச் சடங்குகளிலும் நின்றனர். அவ்வாறு நிற்பது பேச்சுரிமையுள் அடங்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

மூல வாசகத்தில் இருந்த சொல் 'ஃபேக்ஸ்'. தன்பாலீர்ப்புடைய ஆண்களைக் குறிக்கும் கடும் இழிசொல். 'ஃபேங்ஸ்' என்பதற்கும் அதற்கும் ஒலியன் நிலையில் ஒரே வேறுபாடு: ஒன்றில் கடையண்ண வெடிப்பொலி, மற்றொன்றில் கடையண்ண மூக்கொலி. பிறப்பிடம் ஒன்றே, மூக்கின் வழி அடைபட்டதா திறந்ததா என்பதே வேற்றுமை. நம் மரபில் ககரமும் ஙகரமும் இனவெழுத்துகள் என்று கூறுவதன் ஒலியியல் அடிப்படையும் இதுவே. வல்லெழுத்து இருந்த இடத்தில் அதன் இனமெல்லெழுத்து வந்ததும் உண்மையான வெறுப்பு கற்பனையான வெறுப்பாக மாறுகிறது. ஆயினும் பார்வையாளர் காதில் வல்லெழுத்தே ஒலிக்கிறது. எழுதப்படாத அச்சொல்லை மனத்துள் உச்சரிப்பவர் பார்வையாளரே. தொடரை ஆக்கியோர் இழிசொல்லை எங்கும் எழுதவில்லை. பார்ப்போரின் நினைவிலிருந்து அதை வெளியே எடுத்தனர். விமரிசனத்தின் கூர்மை இங்கேதான் உள்ளது.

வாக்கியத்தின் அமைப்பும் கருதத்தக்கது. எழுவாய் தேவன், பலகையை எழுதியவன் வாக்கியத்துள் இல்லை. 'நான் வெறுக்கிறேன்' என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். எழுவாயை மாற்றியதன் மூலம் எழுதியவன் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறான். வெறுக்கப்படுவோரோ செயப்படுபொருளாக மட்டும் நிற்கின்றனர். அவர்களுக்கு முகம் இல்லை, குரல் இல்லை. பிறர் எழுதிய வாக்கியத்தின் இரண்டாம் வேற்றுமையில் மட்டுமே இடம் உண்டு. ஒரு சிறுபான்மையினரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகத் தொடரியலில் காட்டுதல் அரிது.

இவ்வுருவகத்திற்கு மறுப்பும் உண்டு. காட்டேரி உண்மையிலேயே கொல்லும் இயல்புடையது; அதனைச் சிறுபான்மையினர்க்கு உவமையாக்குவது அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழியை ஒப்புக்கொள்வதாகாதா? உவமைக்குப் பொதுத்தன்மை வேண்டும். இங்கே பொதுத்தன்மை வெறுக்கப்படுதல் ஒன்றே, வெறுப்புக்கான காரணம் அன்று. தொடரின் கதைப்போக்கு இவ்வரம்பைப் பலமுறை மீறுகிறது. கொலை செய்யும் காட்டேரிகள் அதில் நிறையவே உண்டு. பெயர்க்காட்சி மீறவில்லை, காட்டேரியைக் காட்டாமல் வெறுப்போரை மட்டும் காட்டியதால் தப்பியது. இவ்வகையில் பெயர்க்காட்சி கதையைவிடத் தெளிவான சிந்தனையுடையது என்றே கூற வேண்டும்.

குறையும் இல்லாமல் இல்லை. சிற்றூர் மக்களின் ஆவேச வழிபாட்டையும் வறுமையையும் அழுகும் உடலுக்கு அருகில் வைக்கும்போது, தென்மாநில ஏழை மக்களைப் பற்றி நகரத்தார் கொண்டிருக்கும் பழைய இகழ்ச்சியே மீண்டும் வரையப்படுகிறது. ஒரு குழுவினர்க்காகப் பேசும் படம் மற்றொரு குழுவினரை மாதிரிப் பொம்மைகளாக்குகிறது.

முதற்பருவம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2008 நவம்பர் 4 அன்று, கலிஃபோர்னியாவில் தன்பால் திருமணத்தைத் தடை செய்யும் முன்மொழிவு வாக்காளர்களால் ஏற்கப்பட்டது. அவ்வாரம் பலகையைப் பார்த்தவர்க்கு அது அன்றைய செய்தியாகவே தோன்றியிருக்கும். அத்திருமணத்தை நாடு முழுவதும் ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2015இல், தொடர் முடிந்த அடுத்த ஆண்டில் வந்தது. பலகை மாறவில்லை, அது நிற்கும் சாலை மாறிற்று.

பலகையைத் தமிழாக்கல்

இம்மூன்று சொற்களை மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்? உரையாடலைப் போல் குரல் மாற்ற இயலாது. திரையில் உள்ள எழுத்தை அழிக்கவும் இயலாது. அடியில் ஒரு வரி எழுதலாம். இரண்டு முழு வரிகளுக்கு ஆறு நொடி என்பது துணைவரித் துறையின் பழைய கணக்கு. அதன்படி ஓரிரு நொடிகளுக்கு ஒரு சிறு வரியே கொள்ளும், விளக்கத்திற்கு இடமில்லை.

'தேவன் கோரைப்பற்களை வெறுக்கிறார்' என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆயினும் தமிழ்ப் பார்வையாளர்க்கு அது பல் மருத்துவம் பற்றிய விந்தைச் செய்தியாகவே படும். இழிசொல்லை வெளிப்படையாக எழுதுவது மற்றொரு வழி. மூலம் எழுதாததை எழுதுவது பிழை. தவிர, அவ்வகையில் தமிழில் வழங்கும் இழிசொற்கள் வாழும் மனிதரைப் புண்படுத்துவன. தமிழ்நாடு அரசு 2022இல் பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் மதிப்பார்ந்த சொற்களின் தொகுதியை வெளியிட்டது. செய்தியாளர்க்கும் அலுவலர்க்கும் அது பெரிதும் பயன்படும். நம் இடர்ப்பாடு அதற்கு நேர் எதிரானது: வெறுப்போரின் வாய்மொழியைப் பெயர்க்க மதிப்பார்ந்த சொல் உதவாது.

தமிழில் ஒரு குறிலும் நெடிலும் இங்கே துணை செய்யக்கூடும். 'பல்', 'பால்' என்னும் இரண்டும் உயிரின் அளவில் மட்டும் வேறுபடும் இணை. ஒன்று கோரைப்பல்லின் பல், மற்றது ஆண்பால் பெண்பாலின் பால். 'தன்பாலர்' என்ற சொல்லை நினைவூட்டும் வகையில் 'வன்பல்லர்' என்று ஆக்கினால், முன்னுறுப்பு இரண்டாம் எழுத்தொன்றிய எதுகையாலும் பின்னுறுப்பு இவ்விணையாலும் ஒன்றையொன்று அழைக்கும். 'தேவன் வன்பல்லரை வெறுக்கிறார்' என்பது பதினைந்து எழுத்து. ஆங்கில வாசகம் பதின்மூன்று. அளவு பொருந்துகிறது. இழப்பும் தெரிந்தே இருக்கிறது: 'தன்பாலர்' இழிசொல் அன்று. எனவே காதில் ஒலிக்கும் மறைசொல்லின் கொடுமை குறைந்துவிடும்.

குறைந்த கொடுமையைப் பிற சொற்களால் ஈடுசெய்யலாமா? 'கடவுள்', 'ஆண்டவர்', 'கர்த்தர்', 'தேவன்' ஆகிய நான்கும் தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒரே தன்மையன அல்ல. 'ஆண்டவர்' என்றவுடன் கத்தோலிக்க வழிபாடு நினைவுக்கு வரும். 'தேவன்', 'கர்த்தர்' என்பன சீர்திருத்தத் திருச்சபைகளின் பழைய வேதாகம நடைக்கு உரியன. பாப்டிஸ்ட் பலகைக்கு 'தேவன்' என்பதே ஏற்றது. அவ்வேதாகமத்தில் விலக்கப்பட்ட செயல்களுக்கு 'அருவருப்பு' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. 'வெறுக்கிறார்' என்பதற்கு மாறாக 'அருவருக்கிறார்' என்றால், தமிழ்க் கிறித்தவ வாசகர் வேத வசனத்தின் எதிரொலியை உடனே கேட்பார். பலகையை எழுதியவன் எங்கிருந்து அதிகாரம் பெற்றான் என்பதும் விளங்கும். ஆங்கிலப் பலகையில் இவ்வெதிரொலி இல்லை. அங்குள்ள வினை எளியது. இழந்த இடத்தில் ஈட்டாமல் வேறிடத்தில் ஈட்டுவது மொழிபெயர்ப்பில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையாதலால், இம்மிகை பொறுக்கத்தக்கது என்பது என் கருத்து. கிறித்தவரல்லாத பார்வையாளர்க்கும் அச்சொல் புரியாமற் போகாது.

ஒரு கூறை மட்டும் மாற்றிப் பழகிய வாசகத்தைத் திருப்பும் இம்முறை தலைப்புகளிலும் உண்டு. கனடாவில் சர்க்கா நவாஸ் உருவாக்கி 2007 முதல் 2012 வரை ஒளிபரப்பான 'லிட்டில் மாஸ்க் ஆன் த பிரெய்ரி', முன்னோடி வெள்ளையினக் குடும்பத்தின் கதையாகிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' என்பதில் வீடு இருந்த இடத்தில் பள்ளிவாசலை வைத்தது. புல்வெளியின் பழங்குடியேறிகளைப் போலவே இம்முஸ்லிம்களும் குடியேறிகள் என்ற வாதம் ஒரு சொல்லின் பதிலீட்டில் அடங்கியுள்ளது. முதல் தொடரை அறியாத தமிழர்க்கு 'புல்வெளியில் ஒரு பள்ளிவாசல்' வெறும் இடக்குறிப்பே. இதற்குத் தமிழில் வழி இருப்பதாகத் தோன்றவில்லை. ஆங்கிலத் தலைப்பையே ஒலிபெயர்த்து விடுவது நேர்மையானது.

'ட்ரூ பிளட்' பலகை திரையில் வரும்போது பின்னணியில் பாடலும் ஓடுகிறது. ஒரு நடிகர் அல்லது கலைஞரின் பெயரும் திரையில் இருக்கக்கூடும். துணைவரிக்கு உள்ள இடம் ஒன்றே. பாடல் வரிகளைத் தொடர்ந்து தமிழாக்கி ஓடவிடும் மொழிபெயர்ப்பாளர் பலகைக்கு இடமின்றிச் செய்துவிடுவார். ஜேஸ் எவரெட்டின் அப்பாடல் 2005இல், தொடருக்கு முன்பே வெளிவந்த காதற்பாடல்; தொடருக்கென்று இயற்றப்பட்டதன்று. பலகையோ தொடருக்கென்றே எழுதப்பட்டது. எனவே அவ்விரு நொடிகளில் பாடல்வரியை நிறுத்திவிட்டுப் பலகைக்கு வரி தருவதே முறை.